இன்றைக்கு எத்தனை வெட்டு

வாடகைக்கு அறை கேட்டு வருகிறவர்கள் முதலில் அறையைப் பார்ப்பார்கள், பிறகு கக்கூசைப் பார்ப்பார்கள், பிறகு கிணற்றுத் தண்ணீர் உவரா என்று கேட்பார்கள். எங்கள் ஊர் தோட்டவெளியில் இந்த ஒழுங்கு மாறி நான் கண்டதில்லை. கிளாக்கர் எதையும் பார்க்கவில்லை. சூட்கேசைக் கையில் பிடித்துக்கொண்டு படலைக்கு வெளியே நின்றபடியே, "அக்கா, காலையில ஒரு கேத்தல் சுடுதண்ணி கிடைக்குங்களா?" என்று கேட்டார்.

தேத்தண்ணிக்குக் கேட்கிறார் என்று நினைத்தேன். "தேத்தண்ணி நாங்களே ஊத்தித் தருவம் தம்பி" என்றேன்.

"தேத்தண்ணிக்கு இல்லக்கா. சேவ் பண்ண."

மகள் கலியாணம் கட்டி வவுனியாவுக்குப் போனபிறகு சும்மா கிடந்த அறை அது. அதில் அவர் நாலு வருஷம் இருந்தார். நாலு வருஷமும் விடிய ஐந்தேமுக்காலுக்கு நான் கேத்தல் வைத்தேன். கச்சேரியில், அதாவது அரசாங்க அலுவலகத்தில், காணிக் கிளாக்கர் வேலை என்றபடியால் எங்கள் ஒழுங்கைத் தெருவில் சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் அவர் கிளாக்கர்தான். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் கூச்சப்படுவார். ஆகவே நானும் இங்கே சொல்லவில்லை.

அட்டன் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். அங்கே விடியற்காலையில் பைப்பைத் திறந்தால் வருகிற தண்ணீரில் கை விறைத்துப் போகுமாம். சுடுதண்ணீர் இல்லாமல் ஒரு ஆண்பிள்ளையும் முகத்தில் பிளேட் வைக்கமாட்டானாம். சரி, அங்கே அது நியாயம். இது மன்னார். சித்திரை மாதம் பகல் இரண்டு மணிக்கு எங்கள் பைப்பைத் திறந்தால் அந்தத் தண்ணீரிலேயே முட்டை அவிக்கலாம். இதை நான் அவருக்கு எடுத்துச் சொன்னேன்.

"அது வெயில் சூடுக்கா. நெருப்புச் சூடு வேற" என்றார்.

என்ன வேறு என்று நான் விசாரிக்கப் போகவில்லை. ஒரு கேத்தல் தண்ணீருக்காக ஒரு மனிதரோடு விடிய வெள்ளாப்பில் வாதாட எனக்கு நேரமில்லை. நான் வீட்டில் தையல் வேலை செய்கிறவள். பள்ளிக்கூடச் சட்டைகள் குவிந்து கிடக்கும்.

வாதாடுவதற்கு வீட்டில் வேறு ஆள் இருந்தார். என் மனுசன் ஓலைத்தொடுவாயில் பிறந்தவர், கடற்தொழில். விடிய ஆறு மணிக்குக் கடலால் வருவார். வந்ததும் கிணற்றடியில் ஒரு வாளி தண்ணீர் அள்ளி வைப்பார். கண்ணாடி பார்க்கமாட்டார். தலைக்குப் போடுகிற அதே சவர்க்காரத்தை முகத்திலும் தேய்த்து, மூன்று நிமிஷத்தில் சவரத்தை முடித்து, மிச்சத் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டு நடந்துவிடுவார். தாடையில் இரண்டு இடத்தில், மேலுதட்டில் ஓரிடத்தில் இரத்தம் கசியும். பேப்பரைக் கிழித்து ஒட்டிக்கொண்டு வந்து சாப்பிட இருப்பார். கலியாணம் கட்டின நாளிலிருந்து நான் இந்தப் பேப்பர் துண்டுகளோடுதான் குடும்பம் நடத்துகிறேன்.

அதே கிணற்றடியில், வேப்பமரத்தில் ஆணி அடித்து ஒரு கண்ணாடியைக் கொழுவிவிட்டு, கிளாக்கர் முப்பத்தைந்து நிமிஷம் சவரம் செய்வார். முதலில் துவாயைச் சுடுதண்ணீரில் நனைத்துப் பிழிந்து முகத்தில் போட்டுக்கொண்டு கதிரையில் அண்ணாந்து இருப்பார். மூச்சுவிடுகிறாரா என்றுகூடச் சந்தேகமாக இருக்கும். பிறகு குவளையில் பிரஷை முக்கி முக்கி நுரை எடுப்பார். சோளகக் காற்று எழும்பின மாதங்களில் அந்த நுரை பறந்து வந்து நான் கொடியில் போட்ட சட்டைகளில் ஒட்டும். அதைச் சொன்னால் அடுத்த நாளிலிருந்து காற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருப்பார். ஆனால் நுரையைக் குறைக்கமாட்டார். அந்த நேரத்தில்தான் காணி விஷயம் கேட்க ஊராட்கள் வருவார்கள். வாயைத் திறந்தால் நுரை உள்ளே போய்விடும் என்பதால் தலையால் மட்டும் மறுமொழி சொல்வார். ஓம் என்றால் மேலும் கீழும், இல்லை என்றால் கண்ணை மூடுவார். ஆட்கள் பழகிவிட்டார்கள்.

முதல் நாளே என் மனுசன் அந்தத் துவாயைப் பார்த்துவிட்டுக் கிட்டப் போனார்.

"என்ன கிளாக்கர், சுடுதண்ணியெல்லாம் பெரிசா இருக்கு. கோழி உரிக்கப் போறீரோ?"

கிளாக்கர் துவாயை எடுக்கவில்லை. உள்ளேயிருந்தே சொன்னார். "உரிச்ச கோழி மேல வெட்டுக்காயம் பாத்திருக்கீங்களாண்ணே?"

என் மனுசன் கையை எடுத்துத் தாடையில் ஒட்டியிருந்த பேப்பரைத் தொட்டுப் பார்த்தார். அன்றைக்குத் தொடங்கினது இவர்களின் வழக்கு. பிறகு தினமும் கிளாக்கர் ஒரே கேள்வியைக் கேட்பார். "இன்னைக்கு எத்தனை வெட்டுண்ணே?" என் மனுசன் ஒளிக்கமாட்டார். "மூண்டு" என்பார், மூன்று மீன் பிடித்துக்கொண்டு வந்தவர்போல. வெட்டு இல்லாத முகம் கந்தோரில் பேனை பிடிக்கிறவன் முகம், கடலுக்குப் போகிறவனுக்கு அது சரிவராது என்பது அவருடைய கொள்கை.

எங்கள் பக்கத்துக் கழுதைகள் படலையைத் தள்ளிக்கொண்டு வளவுக்குள் வரும். ஒருநாள் கிளாக்கர் துவாயோடு அண்ணாந்து இருக்கையில் ஒன்று வந்து அவருடைய குவளையை முகர்ந்து பார்த்தது. தலையை உதறியது. பிறகு என் மனுசனின் வாளிக்குப் போய் முழுவதையும் குடித்து முடித்தது.

"பாத்தீரே, கழுதைக்கும் தெரியுது, உமக்குத் தெரியேல்லை" என்றார் என் மனுசன்.

"கழுதை சேவ் பண்றதில்லண்ணே."

என் மனுசன் பகல் முழுவதும் மறுமொழி யோசித்தார், வலையைத் தைத்துக்கொண்டே யோசித்தார். பின்னேரம் கிளாக்கர் கந்தோரால் வந்து சைக்கிளை நிற்பாட்டுவதற்கு முன்னமே சொன்னார். "கழுதை ஏன் சேவ் எடுக்கிறேல்லை எண்டா, சுடுதண்ணி வைச்சுக் குடுக்க அதுக்குப் பொஞ்சாதி இல்லை."

"கிளாக்கருக்கும் பொஞ்சாதி இல்லைத்தானே. வைக்கிறது நான்" என்றேன். இருவரும் என்னைப் பார்க்கவில்லை. அது அவர்கள் இரண்டு பேருக்கு இடையிலான விஷயம்.

மடு மாதா கோயில் திருநாளுக்கு நாங்கள் கூடாரம் அடித்துத் தங்கப் போனபோது கிளாக்கரும் வந்தார். நாங்கள் வேதக்காரர், அவர் சைவ சமயம், ஆனால் மாதா எல்லாருக்கும் தாய்தானே. நாங்கள் பாயும் சட்டி பானையும் கொண்டுபோனோம். அவர் கேத்தலைக் கொண்டுவந்தார். முதல் நாள் அவர் மட்டும் சுடுதண்ணீரில் சவரம் செய்தார். இரண்டாம் நாள் பக்கத்துக் கூடாரத்தில் இரண்டு பேர் கேட்டு வாங்கினார்கள். மூன்றாம் நாள் விடிய நான் எழும்பிப் பார்த்தால் குவளையும் துவாயுமாக ஆம்பிளைகள் வரிசையில் நிற்கிறார்கள். வரிசையில் நாலாவதாக நின்றது என் மனுசனின் சொந்தத் தம்பி. என் மனுசன் திருநாள் முடியும்வரை அவரோடு கதைக்கவில்லை. கிளாக்கரோடு கதைத்தார். எதிரிப் பக்கத்தில் நேர்மையாக நிற்கிறவனை மதிக்கலாம், பக்கம் மாறுகிறவனைத்தான் மன்னிக்க ஏலாது என்றார்.

பிறகு சமையல் காஸ் கிடைக்காத வருஷம் வந்தது. மண்ணெண்ணெய்க்கும் வரிசை, கரன்டும் பாதி நாள் இல்லை. விறகுக்குப் பனைமட்டையைப் பொறுக்கவேண்டி வந்தது. இனி இந்த ஆள் பச்சைத்தண்ணிக்கு இறங்குவார் என்று நான் நினைத்தேன். சந்தோஷப்பட்டேன் என்றே சொல்லலாம். கிளாக்கர் கந்தோரால் வந்ததும் நீளக்காற்சட்டையை முழங்கால்வரை மடித்துவிட்டுப் பனைகளுக்குக் கீழே போய் கங்குமட்டை பொறுக்கினார். என் அடுப்புக்கும் சேர்த்துத்தான் பொறுக்கினார், பொய் சொல்லக்கூடாது. மழை பிடித்து மட்டையெல்லாம் நனைந்த கிழமையில், பழைய பால்மா டின் ஒன்றுக்குக் கரி பூசி, தண்ணீர் நிரப்பி, வெயில் எட்டிப்பார்த்த நேரத்தில் கூரைமேல் வைத்தார். இறக்கிச் சாக்கில் சுற்றி விடியும்வரை வைத்திருந்தார்.

என் மனுசன் அந்த டின்னுக்குள் விரலை விட்டுப் பார்த்தார். நன்றாக நேரம் எடுத்துத்தான் பார்த்தார்.

"கிளாக்கர், இது பச்சைத்தண்ணி. நீர் எங்கட பக்கம் வந்திட்டீர்."

"இல்லண்ணே. இது இளஞ்சூடு."

"வெயில் சூடு வேற எண்டு சொன்னனீரெல்லே."

கிளாக்கர் கண்ணை மூடினார். அது அவருடைய 'இல்லை'. அந்த ஒரு கிழமைதான் என் மனுசன் வென்ற கிழமை. அந்தோனியார் கோயிலடியில் கூடுகிற படகு முதலாளிச் சம்மாட்டிமார் எல்லோருக்கும் போய்ச் சொல்லிவிட்டு வந்தார்.

நான் இதையெல்லாம் சிரிப்புக்காகச் சொல்கிறேன் என்று நினைக்கவேண்டாம். அந்த மனிதரை எனக்கு உண்மையில் விளங்கினது அதற்குப் பிறகுதான்.

ஒரு மாசிமாத விடியல். என் மனுசன் கடலால் வந்து வழக்கம்போல வாளியோடு குந்தியிருந்தார். கிளாக்கர் வாயடியை வழித்து முடித்து, மிச்ச முகத்தில் நுரையோடு கண்ணாடி முன்னால் நின்றார். நான் குசினியில். கிளாக்கரின் குரல் கேட்டது. "இன்னைக்கு எத்தனை வெட்டுண்ணே?" மறுமொழி இல்லை. கொஞ்சம் பொறுத்துத் திரும்பவும் கேட்டார். அதற்கும் மறுமொழி இல்லை.

பிறகு கிளாக்கர் சொன்னதைத்தான் சொல்கிறேன். கண்ணாடிக்குள் பின்னால் என் மனுசன் தெரிந்தாராம். கீழே விழுந்த ரேசரை எடுக்க வலக்கையை நீட்டுகிறார், கை அங்கே போகவில்லை. திரும்பவும் நீட்டுகிறார், போகவில்லை. வாய் ஒரு பக்கம் இழுபட்டு இருந்ததாம்.

முப்பத்தைந்து நிமிஷத்தில் ஒரு நிமிஷம் குறைக்காத மனிதர், முகத்தில் பாதி நுரையும் இடுப்பில் சாரமுமாக ரோட்டுக்கு ஓடி ஓட்டோ ஒன்றை மறித்தார். ஓட்டோக்காரர் முதலில் கிளாக்கருக்குத்தான் சுகமில்லை என்று நினைத்தாராம். என் மனுசனைத் தூக்கி ஏற்றியது கிளாக்கர்தான். பெரியாசுபத்திரி வாங்குப்பலகையில் என் பக்கத்தில் பின்னேரம்வரை இருந்தார். நுரை காய்ந்து முகத்தில் வெள்ளையாகப் பொருக்குக் கட்டியிருந்தது. கழுவிவிட்டு வாங்கோ தம்பி என்று நான் சொன்னது அவர் காதில் விழவேயில்லை.

பாரிசவாதம். வலப்பக்கம் முழுக்க, கை, கால், கன்னம், எல்லாம் உணர்ச்சியில்லை. பேச்சும் போய்விட்டது. 'ம்' என்று ஒரு சத்தம் மட்டும் வரும். ஓமுக்கும் அதுதான், இல்லைக்கும் அதுதான். இடப்பக்கம் வழித்து முடித்து வலப்பக்கம் வழிக்காத முகத்தோடு ஆசுபத்திரி வாட்டில் கிடந்தார். வீட்டுக்குக் கொண்டுவரும்போது ஒரு பக்கம் நீளமாகவும் மற்றப் பக்கம் கட்டையாகவும் தாடி.

பயிற்சி குடுத்தால் உணர்ச்சி திரும்பலாம், பேச்சும் வரலாம், ஆனால் அவர் மனம் வைக்கவேண்டும் என்று டொக்டர் சொன்னார். வாட்டு நேர்ஸ் மிஸ்ஸி வேறு ஒன்று சொல்லிவிட்டா. வலப்பக்கத்தில் சூடான எதையும் வைக்கக்கூடாது, சுட்டாலும் அவருக்குத் தெரியாது.

அவர் மனம் வைக்கவில்லை. பயிற்சிக்கு யாரும் கையை மடக்கி நீட்ட வந்தால் சுவர்ப் பக்கம் திரும்பினார். சாப்பாட்டில் பாதியை மிச்சம் வைத்தார். தாடி வளர்ந்துகொண்டே போனது. சலூன்காரர் வீட்டுக்கு வந்தார், இடக்கையால் அவரைத் தள்ளிவிட்டார். தம்பிக்காரன் வந்தார், சுடுதண்ணீர் வரிசை ஞாபகமோ என்னவோ, அவரைப் பார்க்கவே இல்லை. நான் வழிக்கப் போய் வலப்பக்கத் தாடையில் வெட்டிவிட்டேன், இரத்தம் வருகிறது, அவருக்குத் தெரியவில்லை. நான் ரேசரை எறிந்துவிட்டுக் கிணற்றடியில் போய் இருந்து அழுதேன். நற்கருணை கொண்டுவந்த பங்குச் சுவாமிக்குக்கூட முகத்தைக் காட்டவில்லை. போர்வையை இழுத்து மூடிக்கொண்டார். தாடி வைத்தவனைக் கண்டால் 'யார் செத்தது' என்று கேட்கிற மனுசன் அவர். எனக்குப் பயம் பிடித்துவிட்டது. இந்த மனுசன் கை கால் போனதால் அல்ல, வெட்கத்தால் போகப்போகிறார் என்று நினைத்தேன்.

அந்தக் கிழமை கிளாக்கர் கந்தோருக்கு வெளிக்கிடுவதற்கு முன் குவளையோடு என் மனுசனின் அறைக்குள் போனார். உள்ளே இருந்து ஆவி பறந்ததைப் பார்த்தேன். அடுத்த நிமிஷம் குவளை வெளியே வந்து விழுந்தது. இடக்கையால் எறிந்திருக்கிறார். குறி தவறாமல் வாசலுக்கூடாக.

கிளாக்கர் குவளையை எடுத்து நெளிவைப் பார்த்தார். கோபமில்லை. "கையில நல்ல பலம் இருக்குக்கா" என்றார்.

அடுத்த நாள் திரும்பவும் போனார். இந்த முறை ஆவி இல்லை. நான் வாசலில் நின்றேன்.

"அண்ணே, பச்சத்தண்ணிதான். கிணத்துத் தண்ணி. சந்தேகம்னா தொட்டுப் பாருங்க."

என் மனுசன் இடக்கை விரல்களைக் குவளைக்குள் விட்டார். நெடுநேரம் விரல்களை வெளியே எடுக்கவில்லை. பிறகு முகத்தை மேலே உயர்த்தினார்.

கிளாக்கர் வாழ்க்கையில் பச்சைத்தண்ணீரில் சவரம் செய்தவரில்லை. நாலு நாள் வெயில் காய்ந்த பனையோலைமாதிரி இருந்தது அந்தத் தாடி. முடித்துத் துடைத்துவிட்டுச் சொன்னார். "மூணு வெட்டுண்ணே. உங்க முறையிலயே செஞ்சிருக்கேன்." என் மனுசனின் வாயில் இழுபடாத பக்கம் கொஞ்சம் அசைந்தது. அன்று மத்தியானம் சோற்றை மிச்சம் வைக்கவில்லை.

அதிலிருந்து தினமும். சவரம் முடிந்ததும் கிளாக்கரே அவர் கையைப் பிடித்து மடக்கி நீட்டி, மடக்கி நீட்டி, நூறு எண்ணுவார். கந்தோருக்குப் பிந்திப் போகத் தொடங்கினார் என்று பிறகுதான் கேள்விப்பட்டேன்.

இரண்டு கிழமை கழித்து என்னிடம் வந்து, ஏதோ களவு எடுக்கக் கேட்கிறவர்போலக் குரலைத் தாழ்த்தினார்.

"அக்கா, வலப்பக்கம் மட்டும் இளஞ்சூட்டுல செய்யட்டுங்களா? அந்தப் பக்கம் அண்ணனுக்குத் தெரியாது."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "சுகமில்லாத மனுசனை ஏமாத்தி நீங்கள் வெல்லப் போறியளோ? படுக்கையில கிடக்கேக்கையும் உங்கட வழக்குத்தானோ? அந்தப் பக்கம் சூடு வைக்கக்கூடாதெண்டு மிஸ்ஸி சொன்னதும் மறந்து போச்சோ?" என்று நன்றாகக் குடுத்தேன்.

அவர் நான் முடிக்கும்வரை நின்றார். "இடப்பக்கம் வெட்டுப்பட்டா அண்ணன் மொகத்தைச் சுளிக்கிறாருக்கா, நான் கையை எடுத்துடுறேன். வலப்பக்கம் எவ்வளவு வெட்டினாலும் அப்படியே இருக்காரு. ரத்தம் வந்தப்புறம்தான் எனக்கே தெரியுது. அது எனக்குப் பயமா இருக்குக்கா. சூட்டுல முடி இளகினா வெட்டுப்படாது."

நான் பேசினதெல்லாம் எனக்குள்ளே திரும்பி வந்து குத்தியது.

ஆகவே ஒரு ஒழுங்கு செய்தோம். நீலக் குவளையில் கிணற்றுத் தண்ணீர், இடப்பக்கத்துக்கு. நெளிந்த வெள்ளைக் குவளையில் இளஞ்சூடு, வலப்பக்கத்துக்கு. கேத்தலைச் சரித்தபிறகு பச்சைத்தண்ணீர் கலந்து, முதலில் என் மணிக்கட்டில் ஊற்றிப் பார்ப்பேன், பிறகு அவர் தன் மணிக்கட்டில் ஊற்றிப் பார்ப்பார். கைக்குழந்தையைக் குளிப்பாட்டுகிற சூடு, அதற்கு மேல் இல்லை. இரண்டு பேரும் சரி என்றால்தான் குவளை உள்ளே போகும். என் மனுசனுக்கு வெள்ளைக் குவளை கண்ணில் படாமல் கட்டிலுக்குக் கீழே வைப்பார். இடப்பக்கத்தை வழிக்கும்போது அவரோடு கதைப்பார், வலப்பக்கத்துக்கு வந்தால் பேச்சு நின்றுவிடும். கச்சேரியில் ஒரு பொய் எழுதாத மனிதர், தினமும் காலையில் அரைமுகத்துக்குப் பொய் சொன்னார்.

நாலு மாதம் இப்படிப் போனது. வலக்கால் கொஞ்சம் தரையில் பதிந்தது. கை வரவில்லை, கன்னம் வரவில்லை, பேச்சும் இல்லை. இனி வருமா என்று கேட்க எனக்குத் துணிவில்லை. டொக்டரும் தானாகச் சொல்லவில்லை.

ஒருநாள் விடிய கிளாக்கருடைய அறையைக் கூட்டப் போனேன். மேசையில் ஒரு கடிதம் விரித்தபடி கிடந்தது. சொந்த மாவட்டத்துக்கு இடமாற்றம். வருஷம் தவறாமல் அவர் கேட்டு எழுதுகிற இடமாற்றம். அங்கே தாய் தனிய இருக்கிறா, அந்தக் குளிரில். கடிதத்தின் திகதி மூன்று மாதம் பழையது. கீழே, தான் இன்னும் கொஞ்சக்காலம் இங்கேயே இருக்க அனுமதி கேட்டு அவர் எழுதின கடிதத்தின் பிரதி.

கேத்தல் அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்தது. நான் ஒரு கையில் கேத்தலும் மறு கையில் கடிதமுமாகக் கிணற்றடிக்குப் போனேன்.

"இதென்ன தம்பி? அம்மாவை அங்க தனிய விட்டுப்போட்டு இஞ்ச என்ன செய்யிறியள்? எங்களுக்கு ஒரு வார்த்தை சொன்னனீங்களே?"

அவர் கேத்தலை வாங்கி வெள்ளைக் குவளையில் ஊற்றினார். "அண்ணனுக்கு வலப்பக்கம் இன்னும் சரியாகலையேக்கா."

"சரியாகாட்டி? பத்து வருஷம் இருப்பியளோ? எங்கட தலைவிதிக்கு நீங்கள் ஏன் காவல்? அந்த மனுசிக்குத் தெரிஞ்சா என்னை மண்ணள்ளித் தூற்றாதோ?"

கோபமாகத்தான் சொன்னேன். உள்ளுக்குள், இந்த ஆள் போய்விட்டால் நான் என்ன செய்வேன் என்ற பயம். அதையும் சேர்த்துத்தான் கத்தினேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு இரண்டு குவளைகளையும் எடுத்துக்கொண்டு அறைக்குள் போனார். நானும் கத்திக்கொண்டே பின்னால் போனேன். என் மனுசன் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

கிளாக்கர் இடப்பக்கத்தைப் பச்சைத்தண்ணீரில் முடித்தார். கட்டிலுக்குக் கீழே கையை விட்டு, பிரஷை வெள்ளைக் குவளையில் முக்கி, வலக்கன்னத்தில் வைத்தார்.

அப்போதுதான் எனக்கு மணிக்கட்டு ஞாபகம் வந்தது. இரண்டு பேரும் பார்க்கவில்லை. பச்சைத்தண்ணீர் கலக்கவும் இல்லை. நான் வாயைத் திறப்பதற்கு முன் என் மனுசனின் தலை தலையணையிலிருந்து எழும்பியது.

"சுடுது."

பிரஷ் பாயில் விழுந்தது. அவர் எங்களைப் பார்த்துத் திரும்பவும் சொன்னார், நாக்குத் தடக்க, நல்ல கோபத்தோடு. "சுடுது."

நான் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு நிலத்தில் இருந்துவிட்டேன். அழுகை வந்தது, அதை அடக்க நான் முயலவில்லை. கிளாக்கர் முழங்காலில் நின்று அந்தச் சிவந்த கன்னத்தை ஊதினார், நீலக் குவளைத் தண்ணீரைக் கையால் அள்ளி அள்ளி வைத்தார். அவர் கண்ணாலும் தண்ணீர் ஓடியது. பிறகு குவளையில் பச்சைத்தண்ணீர் முடிந்துவிட்டது.

"அக்கா, இன்னும் பச்சத்தண்ணி கொண்டாங்க" என்றார். "அண்ணன் ரெண்டு பக்கமும் ஜெயிச்சிட்டாரு."

என் மனுசன் அப்போதுதான் குனிந்து கட்டிலுக்குக் கீழே பார்த்தார். வெள்ளைக் குவளையைக் கண்டார். கிளாக்கரைக் கண்டார். நாலு மாதக் களவு அவருக்கு ஒரே பார்வையில் விளங்கிவிட்டது. இடக்கையை ஓங்கினார். ஓங்கின கை கிளாக்கரின் தலையில் இறங்கி அங்கேயே இருந்தது.

கன்னத்துச் சிவப்பு பின்னேரத்துக்குள் மாறிவிட்டது. கிளினிக்கில் மிஸ்ஸிக்கு நடந்ததைச் சொன்னோம். முதலில் எனக்கு ஏச்சு விழுந்தது, பிறகு வலப்பக்கம் முழுக்க ஊசியால் தொட்டுத் தொட்டுப் பார்த்தா, பிறகு சிரித்தா. கிளாக்கர் அந்த மாதக் கடைசியில் தாயிடம் போனார். போகச்சொல்லி விரட்டியது நான்தான். படலைவரை போய்விட்டுத் திரும்பி வந்து, கண்ணாடியை மரத்திலேயே விட்டுவிட்டுப் போகிறேன் என்றார். போனபிறகு நான் மூன்று நாள் தையல் மெசினைத் திறக்கவில்லை.

இப்போது என் மனுசன் ஊன்றுகோலோடு கிணற்றடிவரை நடக்கிறார். இடக்கையால் தானே சவரம் செய்கிறார். என்னைக் கிட்ட விடுவதில்லை. பேச்சு இன்னும் சொல் சொல்லாகத்தான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் கிளாக்கரின் டெலிபோன் கோல் வரும். முதலில் என்னோடு மகள், மருமகன், மழை, மரக்கறி எல்லாம் கதைப்பார். பிறகு, "அண்ணன்கிட்ட குடுங்கக்கா" என்பார். நான் ஸ்பீக்கரில் போட்டு அவர் மடியில் வைப்பேன்.

"இன்னைக்கு எத்தனை வெட்டுண்ணே?"

என் மனுசன் நிமிர்ந்து இருப்பார். தொண்டையைச் செருமுவார். சொல்லைத் தேடி எடுத்து, தெளிவாக வைப்பார். "மூண்டு."

அந்தப் பக்கம் கிளாக்கர் சிரிப்பார். பச்சைத்தண்ணி வேலை அப்படித்தான் என்பார். இவரும் சிரிப்பார்.

நான் பக்கத்தில் இருந்து அவர் முகத்தைப் பார்ப்பேன். ஒரு வெட்டும் இருக்காது, ஒரு பேப்பர் துண்டும் இருக்காது. விடிய நான் கோழிக்குத் தீன் போட்டுவிட்டு வருவதற்குள் தேத்தண்ணிக்கு அடுப்பில் வைத்த கேத்தலில் கால்வாசித் தண்ணீர் குறைந்திருக்கும். இதை நான் கிளாக்கருக்குச் சொல்லவில்லை.